ஓடாத குட்டி

ஏழு குட்டிகள் ஒரு அலுமினியத் தட்டைச் சுற்றி நின்று பால் குடித்துக்கொண்டிருந்தன. பிறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆறு குட்டிகள் சுத்த வெள்ளை, மூக்குகூட ரோஸ் நிறம். ஒன்றுக்கு மட்டும் காதோரத்தில் செம்மண் ஒட்டியதுபோல ஒரு திட்டு.

அவற்றின் பின்னால் சாமியப்பன் பூனை மாதிரி நடந்து வந்தார். ஒரு கையில் காலி எண்ணெய் டின், இன்னொரு கையில் ஒரு இரும்புத் துண்டு. அறுபது வயதுக்கு மேற்பட்ட, வேட்டியை மடித்துக் கட்டிய, பார்த்தாலே மரியாதை தோன்றுகிற மனிதர் இப்படித் திருடன்போல நடப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

தட்டுக்கு இரண்டடி தூரத்தில் நின்று டின்னை ஓங்கி ஒரு அடி அடித்தார்.

முப்பது வருடமாகக் காதுகளோடு குடித்தனம் நடத்துகிற எனக்கே ஈரக்குலை ஆடிவிட்டது. ஆறு குட்டிகள் ஆளுக்கொரு திசையில் தெறித்தன. ஒன்று பாலிலேயே விழுந்து எழுந்து ஓடியது. காதோரம் திட்டு உள்ளது டிராக்டருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு, அங்கிருந்து ஊளையிட்டது.

ஏழாவது குட்டி தலையைக்கூடத் தூக்கவில்லை. சுற்றிலும் இடம் காலியானதும், முன்னங்கால் இரண்டையும் தட்டுக்குள் வைத்து இன்னும் வசதியாகக் குடித்தது.

"பாத்தீங்களா அம்மணி? இதானுங்க ரத்தம்!" என்றார் சாமியப்பன். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதுபோல அவர் முகம் மலர்ந்திருந்தது.

நான் அந்தக் குட்டியின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஒரு நூல்கூட அசையவில்லை.

நான் ஏன் அங்கே போனேன்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: கோவையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பவள் நான். டாக்டர் இல்லை. ஆனாலும் பாதிப் பேர் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மறுத்து மறுத்துச் சலித்துவிட்டது.

எனக்கு நாய் என்றால் ஆகாது. வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள். அங்கே மேனேஜர் பங்களாவில் ஒரு அல்சேஷன் இருந்தது. அது கேட்டுக்கு உள்ளே இருந்தால் நான் பள்ளிக்கூடம் போவேன், வெளியே இருந்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். என் அம்மா கடைசிவரை எனக்கு ஏதோ விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என்றே நம்பினாள்.

அப்படிப்பட்டவளை நாய்க்குட்டிகளுக்கு நடுவே கொண்டுபோய் உட்கார வைத்தவன் ரபீக். கால்நடை மருத்துவர். கோட்டைமேட்டில் இருக்கும் அவனுடைய அம்மா எங்களிடம் காதுக்கருவி வாங்கியவர். அம்மாவுக்குத் துணையாக வந்தபோது, பக்கத்து அறையில் ஒரு கைக்குழந்தைக்கு நான் பெரா டெஸ்ட் செய்துகொண்டிருந்ததை எட்டிப் பார்த்திருக்கிறான்.

பெரா என்பது பேசத் தெரியாதவர்களுக்கான காது பரிசோதனை. காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் விடுவோம். தலையில் ஒட்டிய ஒயர்கள் மூளையின் பதிலைக் கொண்டுவரும். காது கேட்டால் திரையில் சின்னச் சின்ன மலைகள் வரிசையாக எழும். கேட்காவிட்டால் வெறும் சமவெளி. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலே போதும். 'கேக்குதா?' என்று அதனிடம் கேட்கவே வேண்டாம்.

"அக்கா, இதை நாய்க்குப் பண்ண முடியுமாக்கா?" என்றான் ரபீக்.

"மாட்டேன்" என்றேன். முடியாது என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். சாமியப்பன் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டில் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார்கள். அவர் குட்டிகளை விற்பதில்லை, வேண்டியவர்களுக்குக் கொடுப்பார். அப்படிக் கொடுத்த ஒரு குட்டி நகரத்தில் ஒரு வீட்டில் காரைப் பின்னால் எடுத்தபோது அடிபட்டு ரபீக்கிடம் வந்தது. அது பிழைத்தது. ஆனால் மயக்க மருந்தும் தெளிந்து மேஜையில் தூங்கிக்கொண்டிருந்த அதன் தலைமாட்டில் ஒரு ஸ்டீல் தட்டு விழுந்தபோது, அது கண்ணைத் திறக்கவே இல்லை.

ரபீக் சாமியப்பனிடம் போய் மெல்லச் சொல்லியிருக்கிறான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க மெசினக் கொண்டாங்க. எங்கூட்டுக் குட்டிக மேல வெச்சுப் பாருங்க. நான் நிரூபிச்சுப் போடறேன்" என்றிருக்கிறார். அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும், கையில் ஜெபமாலையும் மடியில் மெஷினுமாக ரபீக்கின் காரில் உட்கார்ந்திருந்தேன்.

டின் பரீட்சை

சாமியப்பன் செய்ததைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அதில் ஒரு நியாயம் இருந்தது.

அந்தப் பக்கம் மலையடிவாரம். யானை இறங்கினால் வெடி போட்டு விரட்டுவார்கள். வெடிச் சத்தத்துக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற நாய் தோட்டத்துக்கு உதவாது. அதனால் அவருடைய தாத்தா காலத்திலிருந்து ஒரு வழக்கம். ஆறு வாரக் குட்டிகள் பால் குடிக்கும்போது பின்னால் நின்று டின்னை அடிப்பது. ஓடுகிற குட்டிகள், குட்டி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் போகும். ஓடாத குட்டியை வீட்டிலேயே நிறுத்தி வம்சத்துக்கு வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் ரொம்ப வேண்டிய ஒருவருக்குக் கொடுப்பார்கள்.

இது போக இன்னொரு சட்டமும் இருந்தது. நிறம். பால் வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு ரோஸாக இருக்க வேண்டும், கண் வெளுத்திருந்தால் இன்னும் விசேஷம். பாளையக்காரர்கள் காலத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் இருந்த ஜாதி, அரண்மனை வாசலில் வெள்ளையைத்தான் கட்டுவார்கள் என்று அவர் அப்பா சொல்வாராம். உண்மையா என்று எனக்குத் தெரியாது. திட்டு விழுந்த குட்டிக்கு அந்த வீட்டில் வைத்திருந்த பெயர் 'பழுது'.

"அந்தக் காலத்துல பழுது பொறந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப" என்றார் சாமியப்பன். நொய்யல் ஆறு இருக்கும் திசையை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுவரில் ஒரு நாய்

இளநீர் கொடுத்து எங்களை முன்னறையில் உட்காரவைத்தார். சாமி படங்களுக்குப் பக்கத்தில், மாலை போட்ட ஒரு நாயின் படம். வெள்ளைவெளேர் என்று, வெளுத்த கண்ணோடு, கழுத்தில் வெண்கல மணி கட்டிய பட்டையோடு.

"கருடனுங்க" என்றார். "நம்ம பூபதி மகன்."

பூபதி என்பது அவர் வீட்டு ஆண் நாய், டின்னுக்கு ஓடாமல் சத்தம் எங்கே என்று சுற்றிப் பார்த்து நின்றதால் வம்சத்துக்கு நிறுத்தியது. இப்போது தட்டைச் சுற்றி நின்ற ஏழுக்கும் அதுதான் அப்பா. கருடன், சில வருடம் முன்பு பூபதிக்குப் பிறந்த ஒரு ஈட்டில், அதாவது ஒரு பிரசவத்துக் குட்டிகளில், டின்னுக்கு அசையாத குட்டி. அதைச் சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் காட்டோரம் வாழை போட்டிருக்கும் நஞ்சப்பன் என்ற நண்பருக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடம் காவல் காத்தது. ஒரு நாள் விடியும் நேரம் வாழைக்குள் ஒற்றை யானை வந்துவிட்டது.

"நஞ்சப்பன் தோட்டத்துச் சாளைக் குடிசையில இருந்து கத்திக்கிட்டே ஓடியாந்திருக்கறாரு. கருடா, வாடா, ஓடியாந்துருடான்னு. கூட இருந்த நாட்டு நாயி கருப்பி எப்பவோ ஓடிப்போச்சு. இவன் அசையோணுமே! ஆனைக்கு முதுகக் காட்டி நின்னு, எசமானப் பாத்து வால ஆட்டிட்டிருந்தானாமுங்க. ஆனைக்கும் எசமானுக்கும் நடுவால. சாவு பின்னாடி வந்து நிக்குது, திரும்பிப் பாக்கலீங்க." சாமியப்பன் தோளில் இருந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். "பொதைச்ச எடத்துல கல்லு நட்டு, வருசா வருசம் பொங்கல் வெக்கறாரு. அதே ரத்தத்துல, டின்னுக்கு அசையாத குட்டி இன்னொண்ணு வேணும்னு காத்திட்டிருக்கறாரு. அடுத்த ஞாயித்துக்கெழமை வாராருங்க."

நானும் ரபீக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாதி குடித்த இளநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

தங்கமான குழந்தை

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டும்.

என் மேஜைக்கு எதிரில் உட்காரும் தாய்மார்களில் சிலர் பெருமையாகவே ஆரம்பிப்பார்கள். "எங்க பாப்பா தங்கமுங்க. கல்யாண வீட்டுல மேளம் அடிச்சாக்கூட முழிக்காது. தீவாளிக்கு வெடிச்ச வெடிக்கு மத்த கொழந்தைகெல்லாம் அலறுது, இது சிரிக்குது." அப்படி ஒரு தாய் சொல்லும்போதெல்லாம், நான் ஒயர்களை ஒட்டிக்கொண்டே, இவள் சொல்வது வெறும் பெருமையாகவே இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொள்வேன். பல தடவை வேண்டுதல் பலித்திருக்கிறது. பலிக்காத நாட்களில் வீட்டுக்குப் போய் யாரோடும் பேசாமல் பாத்திரம் தேய்ப்பேன்.

கேட்காத பிள்ளையை அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொள்வது எங்கள் அறையில் பழைய கதை. அன்றைக்குத் தென்னந்தோப்பில் பார்த்ததும் அதுவேதான்.

சமவெளி

மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் பாய் விரித்து மெஷினை வைத்தோம். ரபீக் ஒவ்வொரு குட்டிக்கும் அளந்து கொஞ்சமாக மயக்க மருந்து போட்டான். குழந்தைக்கு ஒயரை ஒட்டுவோம், நாய்க்கு ரோமம் இருப்பதால் ஒட்டாது. முடியைவிடச் சற்றே தடித்த ஊசிகளைத் தோலுக்கடியில் அவனே செருகினான். குட்டியைப் பிடிக்கிற வேலை எனக்கு. முதல் குட்டியின் சூடான வயிறு என் உள்ளங்கையில் ஏறி இறங்கியபோது, நான் பயப்பட மறந்துபோனதைக் கவனித்தேன்.

திரையில் மலைகள் எழுந்தன. முதலில் ஒன்று, அடுத்து ஒன்று, வரிசையாக. சத்தம் உள்காதைத் தாண்டி நரம்பில் ஏறி மூளைத்தண்டு வரை போகிற வழியெல்லாம் ஒவ்வொரு மலை.

எத்தனை ஆயிரம் குழந்தைகளிடம் பார்த்திருப்பேன்! ஒரு நாயின் தலைக்குள்ளும் கிட்டத்தட்ட அதே மலைத்தொடர் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. பங்களா அல்சேஷனுக்கும் எனக்கும் நடுவே இருந்த கேட் அந்த நிமிடத்தில் கழன்று விழுந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான் இருந்தது.

காதோரம் திட்டு உள்ள 'பழுது'க்கு இரண்டு காதும் பிரமாதம். வேறு மூன்று குட்டிகளுக்கும் நன்றாக இருந்தது. இரண்டு குட்டிகளுக்கு ஒரு காது மட்டும் கேட்டது. கடைசியாக அந்த ஓடாத குட்டி.

வலது காதில் சத்தம் விட்டேன். கூட்டினேன். மெஷின் தரக்கூடிய உச்சத்துக்குப் போனேன். இடது காதிலும் அப்படியே. ஊசிகளை மாற்றிப் போட்டுத் திரும்பவும் பார்த்தேன். திரையில் ஒரு மேடுகூட எழவில்லை.

சாமியப்பன் எனக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற குட்டிகளின் மலைகளை அவரும்தான் பார்த்திருந்தார்.

"மெசினு மனுசனுக்குச் செஞ்சதுங்க" என்றார்.

 வாசலில் நின்றிருந்த அவர் மனைவி சரஸ்வதிதான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, பூபதிக்கும் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க."

"அவனுக்கு என்னத்துக்கு?"

"நான் நாலு வருசமா சொல்லிட்டிருக்கறன். கூப்பிட்டா அக்கட்டால பாத்துப்போட்டுத்தான் இக்கட்டால வருது. படுத்தா ஒரு பக்கத்துக் காதத்தான் மேல வெச்சுப் படுக்குது. மாத்திப் படுத்த அன்னிக்கு நான் சோத்துச் சட்டியோட பக்கத்துல போயி நின்னாலும் எந்திரிக்கறதில்ல. நீங்கதான் ராசா மாதிரி ரோசன பண்ணுதுன்னீங்க."

பூபதிக்கும் வைத்துப் பார்த்தோம். இடது காதில் அழகான மலைகள். வலது காதில் ஒன்றுமில்லை.

சாமியப்பன் எழுந்து தோப்புக்குள் போய்விட்டார்.

தோலின் நிறமும் காதும்

அவர் திரும்பி வரும்வரை ரபீக் எனக்கு ஒன்றைச் சொன்னான். அதை நினைத்தால் இன்றும் வியப்பு அடங்கவில்லை.

தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் இருக்கின்றன அல்லவா, கரு வளரும்போது அவை முதுகுப் பக்கம் பிறந்து உடம்பெங்கும் ஊர்ந்து போகுமாம். சில தோலுக்கு, சில கண்ணுக்கு. சில உள்காதுக்கு. காதுக்குள் நிறம் எதற்கு? அங்கே பார்க்க ஆளே இல்லையே! ஆனால் அந்தச் செல்கள் போய்ச் சேர்ந்தால்தான் உள்காது உயிரோடு இருக்கும். சேராவிட்டால், குட்டி பிறந்து சில வாரங்களில் உள்ளே இருக்கிற கேட்கும் செல்கள் வாடிப்போகும். வலி இருக்காது, வெளியே அடையாளமும் இருக்காது.

"வெள்ளையா இருந்தா எல்லாம் செவிடுன்னு இல்லக்கா. எத்தனையோ வெள்ளை நாய் அருமையாக் கேக்கும். ஆனா அப்பா அம்மா ரெண்டும் வெள்ளை, அதுல ஒண்ணு ஒத்தைக் காது, அதே வீட்டு ரத்தம்னு திரும்பத் திரும்பச் சேத்தா, அந்த நிறம் காது வரைக்கும் போய்ச் சேர்றது குறைஞ்சுக்கிட்டே போகும்" என்றான்.

நான் மூன்று தலைமுறையை யோசித்துப் பார்த்தேன். நல்ல மனிதர்கள். நாய்க்குச் சோறு வைத்த பிறகே தாங்கள் சாப்பிடுகிறவர்கள். ஒவ்வொரு ஈட்டிலும் திட்டு உள்ளதைத் தள்ளினார்கள். மிஞ்சியதில் டின் சத்தம் கேட்டு ஓடியதைத் தள்ளினார்கள். கடைசியில் மிஞ்சியதை வீரன் என்று வம்சத்துக்கு வைத்தார்கள். காது கேட்காததைத் தேடிக் கண்டுபிடிக்க இதைவிடக் கச்சிதமான முறையை யாரும் யோசித்திருக்க முடியாது. மனிதன் பாசத்தோடு கைநீட்டி எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நாயின் உடம்பு அதை ஏற்றுக்கொண்டு அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கீழ்ப்படிதலைப் பார்த்து நான் பயந்தேன், பிரமித்தேன்.

மயக்கம் தெளிந்த குட்டிகளைத் தாயிடம் விட்டோம். தேவி என்று பெயர், அமைதியான நாய். சற்றுத் தள்ளிப் படுத்து, தொண்டைக்குள் ஒரு மெல்லிய முனகல் கொடுத்தாள். ஆறும் தள்ளாடிக்கொண்டே போய் முட்டின. தேவி எழுந்தாள். கடைசிக் குட்டி கிடந்த மூலைக்கு நடந்துபோய், அதன் நெற்றியில் மூக்கால் ஒரு தட்டுத் தட்டினாள். அது எழுந்து அவள் பின்னால் வந்தது.

 "அவளுக்குத் தெரியும்க்கா" என்றான் ரபீக்.

நாங்கள் ஊசியும் ஒயருமாக அரை நாள் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை அவள் யாரிடமும் சொல்லாமல் தினமும் செய்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு

தோப்பிலிருந்து திரும்பிய சாமியப்பன் இரண்டே விஷயம் பேசினார். பூபதியை இனிச் சேர்க்கை விடுவதில்லை, அதற்குரிய ஆபரேஷனை ரபீக்கே செய்துவிடட்டும். இரண்டாவது, பூபதியின் குட்டிகள் போன வீடுகளுக்கெல்லாம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். விரல் மடக்கி ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தவர், சத்தியமங்கலத்தில் நிறுத்திவிட்டார்.

"நஞ்சப்பனுக்குப் போன்ல சொல்ல முடியாதுங்க. நேர்ல வரட்டும். அன்னிக்கு நீங்களும் வரோணும் அம்மணி. அந்த மலைப் படத்தோட."

ரபீக்குக்கு அன்று வேலை இருந்தது. நான் டவுன் பஸ் பிடித்துத் தனியாகப் போனேன். வழியில் எந்தத் தெருநாயையும் பார்த்து ஒதுங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நஞ்சப்பன் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். மடியில் ஒரு துணிப்பையை வைத்திருந்தார். காபி வந்தது. யாரும் குடிக்கவில்லை. சாமியப்பன் மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டு, மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நஞ்சப்பா, டின்னுக்கு அசையாத குட்டிக்குக் காது கேக்கல. பூபதிக்கு ஒரு காது கேக்கல. அம்மணி மெசினு வெச்சுப் பாத்துப் போட்டாங்க. நானும் பாத்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார். "கருடனுக்கும் கேக்காம இருந்திருக்கோணுமப்பா. செவிட்டு நாயக் கொண்டாந்து, வீரன்னு சொல்லி, ஆனை வர்ற காட்டுக்குள்ள விட்டுப் போட்டேன். என்ர தப்பு."

நஞ்சப்பன் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்லத் தெரியாதவள். செத்துப்போன நாய்க்குப் பரிசோதனை செய்ய முடியாது, அதனால் அடித்துச் சொல்ல என்னால் ஆகாது என்றேன். ஓடாத குட்டியின் சமவெளிப் படத்தையும் மற்ற குட்டிகளின் மலைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவர் அவற்றைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கருடனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கருப்பி கொரைச்சாத்தானுங்க அவனும் கொரைப்பான்" என்றார் கடைசியில். "நான் துண்ட வீசினா எங்கிருந்தாலும் ஓடியாருவான். வாயில கூப்பிட்டா வர மாட்டான். மொரட்டுப் பயன்னு நெனச்சேன்." மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நான் கத்தத்தானே செஞ்சேன். தோள்ல துண்டு இருந்துச்சுங்க. வீசியிருந்தா வந்திருப்பான்."

சாமியப்பன் அவர் முழங்காலில் கை வைத்தார். இரண்டு பெரிய மனிதர்கள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன்.

அங்கே சரஸ்வதி ஓடாத குட்டியோடு இருந்தார். அது அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அவர் காலால் சாணி மெழுகிய தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்த அதிர்வில் குட்டி தலையைத் தூக்கித் திரும்பி அவரைப் பார்த்தது. "இது எங்கயும் போகாதுங்க. எங்கூடவே இருந்துக்கட்டும். மதிலுக்கு உள்ளயே வளத்திக்கறேன்" என்றார். ஒரே வாரத்தில் அந்த அம்மாள் அதற்கு ஒரு பாஷை கண்டுபிடித்திருந்தார்.

நஞ்சப்பன் வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "டின்னுக்கு ரொம்பப் பயந்தது எதுங்க?" என்று கேட்டார்.

சாமியப்பன் டிராக்டரைக் கைகாட்டினார். காதோரம் திட்டு உள்ள குட்டி அதன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து எங்களை எட்டிப் பார்த்தது. நஞ்சப்பன் நாக்கைச் சொடுக்கினார். அதன் இரண்டு காதும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பின. பக்கத்தில் வந்து அவர் செருப்பை முகர்ந்தது.

அவர் துணிப்பையைத் திறந்து ஒரு பழைய தோல் பட்டையை எடுத்தார். படத்தில் கருடன் கழுத்தில் பார்த்த அதே வெண்கல மணி. குட்டியின் கழுத்துக்கு அது பெரியது. இரண்டாக மடித்துச் சரடு போட்டுக் கட்டினார்.

குட்டி ஒரு அடி எடுத்து வைத்தது. மணி ஒலித்தது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை. இன்னொரு அடி வைத்தது, மறுபடியும் மணி. சத்தத்தைத் தேடிக்கொண்டு அது தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வர, சரஸ்வதி வாய்விட்டுச் சிரித்தார். சாமியப்பன்கூடச் சிரித்துவிட்டார்.

நஞ்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே கருடனுக்குக் கட்டின அன்னிக்கு, அவன் ஆடாம அசையாம நேராப் பாத்து நின்னானுங்க" என்றார். "எத்தன அடக்கம்னு நான் ஊரெல்லாம் சொன்னேன்."